ஒன்பதாவது கோட்டில் கடல்

சென்ற மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு புது ஓவர்சீயர்கள் என்னைத் தேடிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்கு வந்தார்கள். கையில் ஒரு பழைய கரையோரப் படம். அதில் ஒன்பது என்று எண் போட்ட அடையாளக்கல் எங்கே இருக்கிறது, இரண்டு நாளாகத் தேடுகிறோம், கிடைக்கவில்லை என்றார்கள். அது கடலுக்குள் இருக்கிறது, கரையிலிருந்து ஒரு செயின் தூரம், நூறடி, கிழக்கே போனால் காலில் தட்டும் என்றேன். கிழவன் கேலி பண்ணுகிறான் என்று நினைத்து ஒருவர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. "நட்டபோது நீங்கள் இருந்தீர்களா?" என்று கேட்டார். நட்டதே நான்தான் என்றேன்.

போகும்போது அவர்தான் சொன்னார், தெரிந்ததை எழுதிக் கொடுங்கள், எங்களுக்கு உதவும் என்று. உதவுமா என்று எனக்குத் தெரியாது. கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதுவது இருபத்திரண்டு வருஷம் என் வேலையாக இருந்தது. அப்படிப்பட்ட வேலையில் இருந்தவனுக்கு ஞானம் வந்திருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு வந்தது முட்டி வலி. கொஞ்சம் வேறு சில விஷயங்களும் புரிந்தன. அவை எல்லாம் புரிய வேண்டிய காலத்துக்குப் பிந்தியே புரிந்தன.

எம்டன் கப்பல் குண்டு போட்ட வருஷத்துக்கு முந்திய வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படிப்பு. செயின் இழுக்கிற ஆளாகச் சேர்ந்து, ஆறு மாதத்தில் எண்களைப் புஸ்தகத்தில் எழுதக் கற்றுக்கொண்டு, ஏழெட்டு வருஷத்தில் கரை அளவுக்குப் பொறுப்பாளன் ஆனேன். ராயபுரத்தில் துறைமுகச் சுவர் முடிகிற இடத்திலிருந்து திருவொற்றியூர்ப் பக்கம் வரை கரையோரமாகப் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொரு கல்லிலிருந்தும் நேர் கிழக்கே செயினை இழுத்து, மணல்மேடு வெட்டுப்பட்டு நிற்கிற விளிம்பு எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கோடு என்று பெயர். முதல் கோடு, இரண்டாம் கோடு, இப்படிப் பன்னிரண்டு. மாதம் ஒருமுறை அளவு. ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை.

ஏன் அளந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கடற்கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. தெற்கேயிருந்து வடக்கே நடக்கிறது. நடுவே துறைமுகத்துச் சுவரைக் கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் வந்து தேங்கி, அலை அடித்த இடத்தில் இன்றைக்கு வண்டி ஓடுகிறது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. வராத மணலுக்குப் பதிலாகக் கடல் கரையைத் தின்றது. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. தேசப்பனுக்கு அது பிறந்தபோதே தெரியும்.

தேசப்பன் ஒன்பதாவது கோட்டுக் குப்பத்துக்காரர். குப்பத்தின் பெயரை எழுதவில்லை. அந்தப் பெயருக்கு இப்போது நிலம் கிடையாது. கடலுக்குள்ளே ஆழம் பார்க்கப் போகும்போது அவருடைய படகைத்தான் வாடகைக்கு எடுப்போம். ஆழம் பார்க்கிற ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் மாட்டுக் கொழுப்பை அப்பிக் கயிற்றில் இறக்க வேண்டும். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றில் கட்டியிருக்கிற துணி அடையாளத்தைப் பார்த்து ஆழத்தைச் சொல்வேன். மேலே தூக்கினால் கொழுப்பில் அடிமண் ஒட்டியிருக்கும். மணலா, சேறா, கிளிஞ்சலா என்று எழுதிக்கொள்வேன். நான் எழுதி முடித்ததும் தேசப்பன் அதில் ஒரு துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்துத் துப்புவார்.

"இது நம்ம ஊரு மண்ணு இல்ல நைனா. அடையாத்து மண்ணு. வந்துகினு கீது."

"வந்து எங்க போவும்?"

"எங்க போவும்? எண்ணூர் போவும், அப்பால பழவேற்காடு போவும். தெண்டி ஓடற எட்டு மாசம் வடக்க போவும். வன்னி ஓடற நாலு மாசம் கொஞ்சம் திரும்பி வரும். போறது ரூபா, வர்றது அணா."

தெண்டி என்றால் தெற்கேயிருந்து வருகிற நீரோட்டம். வன்னி வடக்கேயிருந்து வருவது. இதை அவர் சொன்னபோது நான் சிரித்துக்கொண்டு புஸ்தகத்தை மூடினேன். மண்ணைத் தின்று பார்த்து ஊரைச் சொல்கிற மனிதனின் வார்த்தையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அச்சடித்த புஸ்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜெர்மன் சண்டை முடிந்து ஐந்தாறு வருஷம் கழித்து ஞானமுத்து சார் எங்கள் பிரிவுக்கு உதவி இஞ்சினீயராக வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். கிண்டியில் படித்தவர். மெலிந்த உடம்பு, காதோரம் நரை. வெயிலில் குடை பிடிக்க மாட்டார், எங்களையும் தனக்குப் பிடிக்க விடமாட்டார். நான் அளவைச் சொன்னால் உடனே எழுத மாட்டார். "திரும்பச் சொல்லும்" என்பார். அதே எண்ணை இரண்டாவது முறை சொன்னால்தான் பென்சில் காகிதத்தைத் தொடும். யாரையும் நீ என்று கூப்பிட்டதில்லை. செயின் இழுக்கிற சின்னையாவைக்கூட 'நீர்' என்பார். சின்னையா முதல் நாள் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

வந்த முதல் வாரமே அவர் என் பழைய புஸ்தகங்களைப் புரட்டினார். ஓர் இடத்தில் 'சுமார் நாற்பது' என்று எழுதியிருந்தேன்.

"இது என்னது?"

"அன்னிக்கு அலை ஜாஸ்தி சார். விளிம்பு சரியாத் தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னு எழுதும். அது தப்பில்ல. சுமார்னு எழுதினா நாளைக்கு ஒருத்தன் அதை நாப்பதுன்னு படிப்பான். அவனுக்கு அடுத்தவன் அது மேல ஒரு கட்டடம் கட்டுவான்."

கோபமாகச் சொல்லவில்லை. மேல்கோட்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ஐந்தாவது கோட்டுக்கும் எட்டாவது கோட்டுக்கும் நடுவே கரையோரம் பெரிய கிடங்குகள் இருந்தன. யாருடையவை என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். அவற்றின் பின்சுவர் வரைக்கும் கடல் வந்துவிட்டது. அங்கே கல் கொட்டிச் சுவர் போடுவதென்று மேலிடத்தில் பேச்சு நடந்தது. ஒருநாள் படகில் இதைச் சொன்னேன். தேசப்பன் துடுப்பை நிறுத்தினார்.

"போடட்டும். கல்லு கீற எடம் நிக்கும். கல்லு முடியற எடம் எது?"

"எட்டாவது கோடு."

"ஒம்போதுல நான் கீறேன்." கொஞ்ச நேரம் கரையையே பார்த்தார். "நாயி வாயக் கட்டுனா அது கடிக்காது நைனா. கடலுக்கு ஒரே வாயா?"

அன்று முதல்முறையாக அவர் பேச்சை நான் மேலே கொண்டுபோனேன். ஞானமுத்து சார் முழுவதும் கேட்டார்.

"அவரு சொல்லுதது சரின்னுதான் எனக்கும் படுது" என்றார். "ஆனா நான் இதை எப்படி எழுத? படகோட்டி ஒருத்தர் சொல்லுதாருன்னு எழுதினா மேல எவன் படிப்பான்? எண்ணாக் கொண்டாரும் ஏகாம்பரம். எண்ணா இருந்தா அவனால படிக்காம இருக்க முடியாது."

எப்படி எண்ணாக்குவது என்று அவரே யோசித்தார். மாத்தூருக்கு அப்பால் ஒரு சூளையிலிருந்து உடைந்த செங்கல்லை வரவழைத்தார். அதை இடித்து, சலித்து, தூசியைத் தள்ளி, கரைமணல் பருமனுக்கு இருக்கிற குருணையை மட்டும் எடுத்தோம். எண்பது கூடை. ஆனி மாதம் நல்ல தெண்டி ஓடுகிற காலத்தில், நாலாவது கோட்டில், அலை திரும்புகிற இடத்தில் கொட்டினோம். கரை ரத்தமாக ஆயிற்று. இரண்டு அலையில் ஒன்றுமில்லை. சின்னையா, "எண்பது கூடையும் ஸ்வாஹா" என்றான்.

மறுநாளிலிருந்து தினமும் ஐந்து முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு கோட்டிலும் ஒரே இடத்தில், ஒரே தகர டப்பா நிறைய மணல் எடுத்தோம். ஆபீஸில் வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துச் சிவப்புக் குருணையை எண்ண வேண்டும். எண்ணியது ஞானமுத்து சார். ஊசி முனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். மூன்றாம் நாள் ஐந்தாவது கோட்டில் ஏழு குருணை. ஆறாம் நாள் ஆறாவது கோட்டில் நாலு. பதினெட்டாம் நாள் ஒன்பதாவது கோட்டில் ஒரே ஒரு குருணை. சார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, "தேசப்பனைக் கூட்டியாரும்" என்றார்.

தேசப்பன் ஆபீஸ் வாசலில் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார். சார் எழுந்து போய் அவரை உள்ளே அழைத்துவந்து, தன் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கொடுத்தார். தேசப்பன் குனிந்து பார்த்தார்.

"இந்த ஒண்ணப் பாக்கறதுக்கா பதினெட்டு நாளு?"

"நீரு சொன்னதுக்கு இதுதான் சாட்சி" என்றார் சார்.

"நான் சொன்னா போதாதா?"

இப்போது யோசிக்கிறேன். அறிவு இரண்டு பேரிடமும் இருந்தது. ஆனால் ஒருவருடைய அறிவு மற்றவருடைய மேஜைக்குப் போய்ச் சேர எண்பது கூடைச் செங்கல் தேவைப்பட்டது.

அறிக்கை போயிற்று. கல் போட்டால் கிடங்குகள் நிற்கும், ஆனால் அந்தக் கரையிலிருந்து வடக்கே போகிற மணல் நின்று அங்கே இருக்கிற குப்பம் போகும் என்று எண்களோடு எழுதியிருந்தார். அதற்குப் பதிலாகத் தெற்கே தேங்கியிருக்கிற மணலை வாகனில் ஏற்றி வடக்கே கொண்டுவந்து கொட்டலாம், ரயில் பாதை பக்கத்திலேயே இருக்கிறது என்றும் எழுதினார். நாலு மாதம் கழித்து மேலிடத்துத் துரை ஒருவர் நேரில் வந்தார். ஐந்தாவது கோட்டில் நின்று பேசினார்கள். நான் பத்தடி தள்ளி செயினோடு நின்றேன். பேச்சு இங்கிலீஷில் நடந்தது. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

மணலை ஒருமுறை கொண்டுவந்து போட்டால் போதுமா என்று துரை கேட்டார். போதாது, ஒவ்வொரு வருஷமும் போட வேண்டும் என்றார் சார்.

"எத்தனை வருஷம்?"

"கடல் இருக்கிறவரை."

துரை சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், கெட்ட சிரிப்பு இல்லை. "கல் போட்டால் கல் இருக்கும், கணக்கில் சொத்து என்று எழுதலாம். மணல் போட்டால் வருஷக் கடைசியில் என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"கரை இருக்கும் சார்."

துரை அவர் தோளில் தட்டிவிட்டுக் காருக்குப் போனார். அடுத்த வருஷம் கல் வந்து இறங்கியது.

பணத்தைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பணமுள்ளவர்களைத் திட்டுவதும் என் வழக்கமில்லை. ஒன்று மட்டும் அந்தக் கரையில் நின்றபோது தோன்றியது. கடல் தினமும் வேலைக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகூட. பணம் ஒருநாள் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போக நினைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடக்கிற வழக்கில் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இஞ்சினீயர் படிப்பு வேண்டாம்.

கல்லைத் தடுக்க முடியாத ஞானமுத்து சார் வேறொன்றுக்கு அலைந்தார். ஏழெட்டுத் தடவை எழுதி, மூன்று தடவை நேரில் போய், ஓர் உத்தரவு வாங்கினார். ஒன்பதாவது கோட்டில் முதல் வரிசை வீடுகளிலிருந்து கரை விளிம்பு ஐம்பது அடிக்குள் வந்துவிட்டால், அன்றே குப்பத்துக்குத் தண்டோரா போட வேண்டும். பன்னிரண்டு மாட்டுவண்டி கொடுக்க வேண்டும். ரயில் பாதைக்கு மேற்கே ஒதுக்கிய இடத்தில் கூரை போட ஓலையும் கழியும் கொடுக்க வேண்டும். "ஐம்பதுங்கிறதை நான் கேட்டு வாங்கினேன்" என்றார் என்னிடம். "அவங்க முப்பதுன்னாங்க. ஒம்பதாவது கோட்டை மட்டும் தவற விட்டுராதீரும்."

குப்பத்தில் இதைச் சொல்ல நான் போனேன். முதல் வரிசையில் தெற்கேயிருந்து மூன்றாவது வீடு தேசப்பனுடையது. அவர் மனைவி அஞ்சலை வாசலில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டி குடுப்பாங்களா அண்ணாத்தே? நெசமா?"

"கவர்ன்மெண்டு உத்தரவும்மா. அளவு பாத்து நானே வந்து சொல்லுவேன்."

தேசப்பன் வலையிலிருந்து நிமிரவில்லை. "மேக்கால போய் இன்னா பண்றது? வூட்டுலேர்ந்து பாத்தா கடலு தெரியணும். தெரியலன்னா எப்ப கட்டுமரம் எறக்கறது?"

"கடலு வூட்டுக்குள்ளயே வந்துடும் தேசப்பா."

"வரும். எங்க அப்பன் காலத்துலயும் வந்துச்சு. தெண்டில திரும்பக் குடுத்துடும்."

"இனிமே குடுக்காது. நீதானே சொன்ன?"

மண்ணை நாக்கில் வைத்து ஊரைச் சொன்ன மனிதர், தன் வீட்டு விஷயத்தில் அப்பாவின் காலத்துக்குப் போய்விட்டார். படித்தவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். பொதுவாகத் தெரிவது வேறு, நம் தலைக்கு வரும்போது தெரிவது வேறு.

அந்த வருஷம் ஐப்பசி முதல் செவ்வாய் ஒன்பதாவது கோட்டில் வீட்டு வரிசையிலிருந்து விளிம்பு எழுபத்தோரு அடி. இரண்டாவது செவ்வாய் அறுபத்தாறு. மூன்றாவது செவ்வாய்க்குத்தான் வருகிறேன்.

அன்று விடியும்போதே மழை. நானும் சின்னையாவும் முதல் கோட்டில் ஆரம்பித்து எட்டாவது கோடு முடிக்கும்போது பகல் ஒரு மணி இருக்கும். புஸ்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி வயிற்றில் கட்டியிருந்தேன். செயின் மணலில் புதைந்து புதைந்து இரும்பு மலைப்பாம்பாகக் கனத்தது. ஒன்பதாவது கல்லுக்கு இன்னும் கால் மைல். கல் சுவரின் முனையில் அலை ஏறி அடித்ததால் கரையோரமாகப் போக முடியாது. ரயில் பாதைக்கு ஏறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எட்டாவது கோட்டுக்கு மேற்கே பாதையோரம் ஒரு காப்பிக் கடை இருந்தது. ஒதுங்கினோம்.

சின்னையா தலையைப் பிழிந்துகொண்டே சொன்னான், "இன்னாத்துக்குப் போறது இப்ப? போன வாரம் அஞ்சு கொறஞ்சுது. இந்த வாரமும் அஞ்சு போட்டுக்க. சரியாத்தான் இருக்கும்."

எனக்கு அன்று காய்ச்சல் இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லை என்பதில்லை. யாரும் என்னை மிரட்டவும் இல்லை. பின்னாளில் எத்தனையோ தடவை ஒரு காரணத்தைத் தேடிப் பார்த்தேன். சலிப்பு. அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக அதே கற்கள், அதே கடல், அளந்து என்ன ஆயிற்று, கல் வந்து இறங்கியதுதானே என்கிற சலிப்பு. காப்பிக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து புஸ்தகத்தைப் பிரித்து, ஒன்பதாவது கோட்டுக்கு நேரே அறுபத்தொன்று என்று எழுதினேன். மிச்சம் மூன்று கோட்டுக்கும் அப்படியே. அந்த மூன்று கோட்டிலும் வீடு கிடையாது.

நாலு நாள் கழித்துச் சனிக்கிழமை வாடைக்காற்று திரும்பி அடித்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு மேல், கடல் ஏறுகிற நேரத்தில், ஒன்பதாவது கோட்டில் மணல்மேடு பாளம் பாளமாக விழ ஆரம்பித்தது. பதினொரு வீடு. ஜனங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. எல்லாரும் வெளியே வந்தபிறகு தேசப்பன் வலையை எடுக்க உள்ளே போனார். மண்சுவர் அவர் மேல் சாய்ந்தது. கதவுப் பலகையில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கால் பிழைத்தது, ஆனால் முட்டி அதற்குப்பின் மடங்கவில்லை. கட்டுமரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துதான் துடுப்புப் போட வேண்டும். முட்டி மடங்காதவனுக்குக் கட்டுமரத்தில் இடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையே ஞானமுத்து சார் வண்டிகளை அனுப்பிவிட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சேற்றில் பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்த அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்ன மாதிரியே வண்டியோட வந்துட்டியே அண்ணாத்தே, நீ நல்லா இருக்கணும்" என்று அழுதாள். நான் கையை விடுவித்துக்கொண்டு மாட்டைப் பிடிக்கப் போனேன்.

திங்கட்கிழமை சார் கூப்பிட்டார். மேஜையில் என் புஸ்தகம் திறந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு தாளில் கணக்குப் போட்டிருந்தார்.

"உட்காரும்."

நான் நின்றேன்.

"செவ்வாய்க்கிழமை அறுபத்தொண்ணு. சனிக்கிழமை வீடே இல்ல. அலை, காத்து எல்லாம் போட்டுப் பாத்தேன். இந்தக் கரையில நாலு நாள்ல அறுபது அடி போகாது." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "ஏகாம்பரம், நீர் ஒம்பதுக்குப் போனீரா?"

"போகலை சார்."

"மழையா?"

"மழைதான். ஆனா மழையால இல்ல சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சிவப்பு மையைத் தொட்டு, என் அறுபத்தொன்றின் குறுக்கே ஒரே ஒரு கோடு கிழித்தார். அடியில் இருக்கிற எண் தெரியும்படிதான் கிழித்தார். பக்கத்தில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அன்னைக்கு நாப்பத்தஞ்சுக்கு மேல இருந்திருக்காது" என்றார். "தண்டோரா போட்டிருப்போம். நாலு நாள் கெடச்சிருக்கும். நாலு நாள்ல ஒரு மனுஷன் கூரையப் பிரிப்பான், கதவைக் கழட்டுவான், வலையைச் சுருட்டுவான்." சத்தம் உயரவில்லை.

மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், கண்காணிப்பில் தவறியது தான் என்று அவர் எழுதினார். என் பெயர் அதில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த சித்திரையில் அவரைத் தண்ணீரே காணாத ஒரு ஜில்லாவுக்கு ஏரிக்கரை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் சொல்லாமல் என்னை ஆறு மாதம் ஆபீஸ் கிடங்கில் கயிறு எண்ண வைத்துவிட்டு மறுபடி செயினைக் கொடுத்தார்கள். அதற்குப்பின் ஓய்வுபெறும் வரை ஒரு கோட்டையும் நான் விட்டதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

தேசப்பனிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் ரயில் பாதைக்கு மேற்கே புதுக் குப்பத்தில் மற்றவர்களுடைய வலையைப் பின்னிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை மீன் கூடை தூக்கினாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் சிரித்து வரவேற்பார். வருஷத்துக்கு ஒருமுறை அஞ்சலை யார் கையிலாவது எங்கள் வீட்டுக்கு வஞ்சிரக் கருவாடு கொடுத்தனுப்புவாள். என் மனைவி அதைச் சமைப்பாள். நான் சாப்பிட்டேன். பத்து வருஷம் சாப்பிட்டேன்.

வேலையை விட்ட மூன்றாவது மாதம் ஒருநாள் காலை எழுந்து, வேறு எங்கும் போக வேண்டிய அவசியம் இல்லாததால், அவர் வீட்டுக்குப் போனேன். தேசப்பன் நீட்டிய காலோடு வாசல் நிழலில் உட்கார்ந்திருந்தார். வலை மடிமேல் கிடந்தது. அஞ்சலை உள்ளே இருந்தாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். மழை, காப்பிக் கடை, பெஞ்சு, அறுபத்தொன்று, எல்லாவற்றையும். அவர் கை ஊசியை விடாமல் இரண்டு மூன்று கண்ணி போட்டது. பிறகு நின்றது.

"நாலு நாளு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ வந்து சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்னு நெனக்கிறியா?"

"தெரியல தேசப்பா."

"எனக்கும் தெரியல." தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். "போயிருக்க மாட்டேன்னுதான் தோணுது. பிடிவாதக்காரன். சரி வுடு நைனா. கெயவனாயிட்டோம், இன்னும் இன்னா அதப் பேசிகினு? மழைல எவன் போவான்? நான் மட்டும் மழைல எல்லா நாளும் மரம் எறக்கினேனா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து வருஷ பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். எழுந்து அவர் தோளைத் தொட்டேன். அப்போதுதான் அஞ்சலை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது மன்னிச்சுடுச்சு" என்றாள், புருஷனைக் காட்டி. "அதோட காலுக்கு அது மன்னிக்கலாம். அந்த வூடு நான் கொருக்குப்பேட்டைக்கும் கொசப்பேட்டைக்கும் மீன் கூடை தூக்கிக் கட்டுனது. செவுத்துக்கு மண்ணு நான் மிதிச்சேன். அது போவ மாட்டேன்னா இருந்திருக்கும். நான் போயிருப்பேன். கதவக் கயட்டிகினு, ஓலயப் பிரிச்சுகினு, மொத வண்டில ஏறியிருப்பேன். எனக்குத் தெரியும்."

தேசப்பன், "ஏ, சும்மா இரு" என்றார்.

"சும்மாத்தான் இருந்தேன் பத்து வருசம், கடலு எடுத்துச்சுன்னு" என்று சொல்லிவிட்டு அவள் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். என்னைத் தாண்டி மார்க்கெட்டுப் பக்கம் நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று ரயில் பாதை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில்வே கேட்டு மூடியிருந்தது, ஒரு சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிகிறவரை அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கேட்டு திறந்ததும் போய்விட்டாள்.